இடாப்பில் நான் வெட்டாத பெயர்

அன்பு மகன் குமாருக்கு,

இதைப் போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை உன் எண்ணை அழுத்தினேன். நீ "சொல்லுங்கம்மா" என்றதும், மழை விட்டபாடில்லை, கறுப்புக்கோழி அடைகாக்கிறது என்று எதையோ உளறிவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன். "உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும்னா ஊரைச் சுத்தித்தான் வருவீங்க" என்று நீ என்னைக் கேலி செய்வாயே, இந்தத் தடவை நேராகவே சொல்லிவிடுகிறேன். பேத்தி தாரணிக்கு உங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பாடசாலையில் முதலாம் ஆண்டுக்கு இடம் கிடைக்காமல் போனதற்கு நம் ஊர்க் கிராம சேவகர் காரணம் இல்லை. நான்தான் காரணம். உன் பெயரையும் மருமகள் ரேணுகாவின் பெயரையும் வருடா வருடம் இங்கே தேயிலைத் தோட்டத்து வாக்காளர் இடாப்பில் போட வைத்தது நான். நீ கண்டியில், மஹய்யாவயில் படிவம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாய், நான் இங்கே நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்கிறான் என்று மாவட்டச் செயலகமான கச்சேரியில் பார்த்தவர்கள், பழைய இடத்தை வைத்துக்கொண்டு புதியதை வெட்டிவிட்டார்கள். தாய் தகப்பன் பெயர் ஐந்து வருடம் தொடர்ந்து அந்த முகவரியில் இருந்தால்தான் புள்ளி என்று நேர்முகப் பரீட்சையில் உன்னிடம் சொன்னார்களாமே, அந்த ஐந்து வருடத்தையும் தின்றவள் உன் அம்மா.

அதைவிடப் பெரிய தப்பு அதற்குப் பிறகு செய்தேன். நீ போனில் "நம்ம பேரு இன்னும் தோட்டத்துல இருக்காம், யாரும்மா போட்டது?" என்று கேட்டபோது, ஒரு நொடிகூட யோசிக்காமல், "ஜீ.எஸ். மாத்தயாதான் வெட்டாம விட்டிருப்பாரு, நான் எத்தனை தடவை சொல்லிட்டேன்" என்றேன். பொய். அந்தச் சனிக்கிழமை நீ நேரே வந்து இறங்கி, என்னையும் இழுத்துக்கொண்டு கிராம சேவகர் கந்தோருக்குப் போனாய். அங்கே கதிரைகளில் பத்துப் பேர் காத்திருந்தார்கள். அவர்கள் முன்னால் நீ மேசையில் தட்டி, "எங்க பேருன்னா உங்களுக்கு விளையாட்டா? என் புள்ள படிப்பு போச்சு" என்று கத்தினாய். உனக்கு இவ்வளவு சிங்களம் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அவர் உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் முந்தானை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே செத்திருப்பேன். "மகனுக்குக் கோபம் நே, பரவாயில்ல" என்று தன் சிங்களத் தமிழில் மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பாய். நியாயம் இருக்கிறது என்று சொல்லமாட்டேன், கதை இருக்கிறது. உனக்கு அரசியல் பிடிக்காது. "எவன் வந்தாலும் நம்ம ரோடு அதே ரோடுதான்" என்பாய். ஆனால் நம் தொகுதியின் கதையை யாரும் உனக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை, நான்கூடச் சொன்னதில்லை. கீழே ஆற்றோரம் சிங்களக் கிராமங்கள், சந்தியைச் சுற்றி முஸ்லிம் கடைகள், மேலே மலை முழுக்க நம் தோட்டங்கள், இதுதான் தொகுதி. என் அப்பா, அதாவது உன் தாத்தா, வெள்ளைக்காரன் போகப்போகிற சமயத்தில் நடந்த தேர்தலில் வாக்குப் போட்டவர். அப்போது அவருக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. மீசையை முறுக்கிக்கொண்டு போய்ப் புள்ளடி போட்டுவிட்டு வந்தாராம். அடுத்த தேர்தலுக்குள் நீங்கள் இந்த நாட்டுக்காரர்களே இல்லை என்று சட்டம் வந்து, அவர் பெயர் இடாப்பிலிருந்து போய்விட்டது. அவர் பெயர் மட்டுமா, மலை முழுக்கப் போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால், தொகுதிக்கு எல்லை போடும்போது தலைக்கணக்கில் எங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அதாவது இத்தனை சனம் இருக்கிறது, அதனால் இங்கே ஒரு ஆசனம் வேண்டும் என்பதற்கு நாங்கள் வேண்டும். அந்த ஆசனத்தில் யார் உட்காருவது என்று சொல்ல மட்டும் நாங்கள் வேண்டாம்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தேர்தல் காலத்தில் வேட்பாளரின் ஜீப் நம் லயத்து வீட்டு வரிசையைத் தாண்டித்தான் மேல் கிராமத்துக்குப் போகும். நாங்கள் வாசலில் நின்று கையாட்டுவோம். ஜீப் நிற்காது. ஒரு தடவை நான் அழுதபோது அப்பா சிரித்துக்கொண்டே, "அவன் என்னத்துக்கு நிப்பான்? நம்மகிட்ட எடுக்குறதுக்கு ஒண்ணும் இல்லையே" என்றார். அப்படிச் சிரித்த மனுசன் வாக்களிப்பு நாளில் என்ன செய்வார் தெரியுமா? மலையில் அன்றைக்கும் வேலை இருக்கும். இவர் அரைநாள் சம்பளமான பாதிப் பேருடன் கணக்கை முடித்துக்கொண்டு, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வாக்குச்சாவடியாக இருந்த கீழ்ப் பாடசாலைக்கு எதிரே உள்ள தேத்தண்ணிக் கடையில் போய் உட்காருவார். கிராமத்துச் சனம் வரிசையில் நிற்பதையும், விரலில் மையோடு வெளியே வருவதையும் பார்த்துக்கொண்டிருப்பார். சாயங்காலம் வந்து, "பார்த்துட்டு வந்தேன்" என்பார். ஒவ்வொரு தேர்தலுக்கும் போனார். யாரும் எதற்கென்று கேட்கவில்லை. செத்துப்போகும்வரை இன்னொரு புள்ளடி போட அவருக்குக் கிடைக்கவில்லை.

நடுவில் இந்தியாவும் இலங்கையும் பேசி எங்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். என் அண்ணன் இந்தியாவுக்கு விண்ணப்பம் எழுதிப் போனான், நாங்கள் இங்கே என்று எழுதி இருந்தோம். எழுதினோமே தவிர காகிதம் வர வருடக்கணக்கானது. கடைசியில் பிரஜாவுரிமை வந்து, இடாப்பில் பெயர் வந்து, முதல் தடவை வாக்குப்போடப் போனபோது நீ என் இடுப்பில் இருந்தாய். கல்யாணச் சேலையை எடுத்துக் கட்டியிருந்தேன். உன் அப்பா, "எங்கடி, பொண்ணு பாக்கப் போறியா?" என்று கிண்டல் பண்ணினார், ஆனால் அவரும் சப்பாத்துப் போட்டுக்கொண்டுதான் வந்தார். இதுவரை உனக்குச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன், சிரிக்காதே. வாக்குச்சீட்டைக் கையில் வாங்கி, அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போய், சின்னத்துக்கு நேரே புள்ளடி போட்டேன். கீழே எனக்குப் பிடித்த வேட்பாளரின் விருப்பு இலக்கத்துக்கும் போட்டேன். எல்லாம் சரி. ஆனால் கை பென்சிலைக் கீழே வைக்கமாட்டேன் என்றது. இத்தனை வருடம் எங்கேயும் எழுதப்படாத பெயர், அரசாங்கத்தின் காகிதம் ஒன்று என் முன்னால் இருக்கிறது. அடியில் வடிவான எழுத்தில் என் முழுப் பெயரையும் தகப்பன் பெயரையும் எழுதி மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தேன். பெயர் எழுதினால் அந்த வாக்குச் செல்லாது என்று இரண்டு நாள் கழித்து உன் அப்பா சொல்லித்தான் தெரியும். நான் அழுதேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "எண்ணுனவன் உன் பேரை வாசிச்சிருப்பான்ல, விடு" என்றார்.

அப்படி முதல் வாக்கையே பாழாக்கியவள்தான் பிறகு தோட்டத்தின் இந்த டிவிஷன் முழுவதற்கும் வாக்குப்போடச் சொல்லிக்கொடுத்தவள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் நான் ஆயாவாக இருந்தது உனக்குத் தெரியும், நீயே அங்கே தொட்டிலில் கிடந்தவன்தான். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டால் மதியம் எனக்கு வேலை படிவம் நிரப்புவது. கிராம சேவகர் வீடு வீடாக ஏறி இறங்க முடியாது என்று படிவக் கட்டை என்னிடம் கொடுத்துவிடுவார். நாற்பது வீட்டுக்கும் நான்தான் எழுதினேன். எவள் வீட்டில் யாருக்குப் பதினெட்டு முடிகிறது என்று அவளுக்கு முன்னால் எனக்குத் தெரியும். பெயரில் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் அடையாள அட்டையைப் பார்த்து எழுதுவேன். தேர்தல் வந்தால் மாதிரிச் சீட்டை வைத்துக்கொண்டு, "சின்னத்துக்கு ஒரு புள்ளடி, இலக்கத்துக்கு மூணுக்கு மேல போடக்கூடாது, வேற ஒண்ணும் கிறுக்கக்கூடாது" என்று பாடம் நடத்துவேன். "வேற என்னத்த ஆயா கிறுக்கப் போறோம்?" என்று பெண்கள் கேட்பார்கள். நான் மாதிரிச் சீட்டை மடித்து உள்ளே வைத்துவிடுவேன்.

பெயர் கூடக் கூட ஜீப் நிற்க ஆரம்பித்தது, குமார். இதை நான் கண்ணால் கண்டேன். முதலில் ஒரு ஜீப், பிறகு எல்லாக் கட்சி ஜீப்பும். வாசல்வரைக்கும் வந்து, குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சி, "அம்மா, தங்கச்சி" என்று தமிழில் பேசினார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் வளைவில் ஒரு லொறி சல்லிக்கல் கொட்டுவார்கள், வாக்கு முடிந்ததும் அந்தக் கல் அங்கேயே புல் முளைத்துக் கிடக்கும். நீங்கள் சின்னப் பிள்ளைகளாக அதன் மேல் ஏறிச் சறுக்கி விளையாடுவீர்கள். ஏமாற்றுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஏமாற்றுவதற்காவது எங்களைத் தேடி வருகிறார்களே என்று இருந்தது. மாவட்டத்தில் நம்மவர் ஒருவர் நாடாளுமன்றம் போவதும் போகாததும் கொஞ்ச விருப்பு வாக்கில்தான் என்பதால், ஒரு பெயர் குறைந்தாலும் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். சில தேர்தல்களில் வந்தார், சில தேர்தல்களில் தோற்றார். தோற்ற வருடங்களில் இடாப்பை எடுத்து வைத்துக்கொண்டு, எவன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் நின்றுகொண்டு வாக்குப்போட வராமல் விட்டான் என்று விரல் விட்டு எண்ணித் திட்டிக்கொண்டிருப்பேன். உன் அப்பா காது கேளாதவர் மாதிரி வானொலியைச் சத்தமாக வைப்பார்.

இனிச் சொல்லப்போவது உனக்குப் பாதி தெரிந்த கதை. உனக்குப் பத்தொன்பது வயதில், கண்டியில் கடையொன்றில் வயரிங் வேலை பழகிக்கொண்டிருந்தபோது, நீ தங்கியிருந்த அறையைச் சுற்றி வளைத்து எல்லாரையும் பொலிஸுக்குக் கொண்டுபோனார்கள். யுத்தக் காலம். தமிழ்ப் பையன் என்றால் அடையாள அட்டை மட்டும் போதாது. அட்டையில் உள்ள முகவரியில் உண்மையாகவே குடியிருக்கிறாய் என்று காட்ட வேண்டும். காலையில் செய்தி வந்தது. நான் செருப்புக்கூடப் போடாமல் கிராம சேவகர் கந்தோருக்கு ஓடினேன். அவர் அப்போதுதான் இந்த ஊருக்குப் புதிதாக வந்திருந்தார். பிறகு வேறு ஊருக்கு மாறிப்போய், உன் கல்யாணத்துக்கு முன்னால் மறுபடி இங்கேயே வந்துவிட்டார். ஆமாம், அதே மனுசன்தான். நீ மேசையில் தட்டினாயே, அவர்தான். இடாப்பில் உன் பெயர் உள்ள பக்கத்தைப் பிரதி எடுத்துக் கையொப்பமிட்டுத் தருவார் என்று நினைத்தேன். அவர் இடாப்பையே பைக்குள் வைத்துக்கொண்டு, "ஏறுங்க அக்கே" என்று மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். எனக்கு அதில் உட்காரக்கூடத் தெரியாது. வழி முழுக்க அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டபடி போனேன்.

பொலிஸில் அவர் மேசைமேல் இடாப்பை விரித்து, உன் பெயரில் விரலை வைத்து, சிங்களத்தில் சொன்னார்: "இது நான் எழுதின பேர். இந்தப் பையனை எனக்குத் தெரியும். ஏதாவது இருந்தா என்னைப் பிடிங்க." அந்தப் பையனை அவருக்குத் தெரியாது, மகன். உன் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. பின்னேரம் உன்னை வெளியே விடும்போது அவர் வாசலுக்கு அப்பால் போய் மோட்டார் சைக்கிளில் ஏறியிருந்தார். "பெரிசா சொல்லிட்டுத் திரிய வேணாம் அக்கே, எங்க ஊர்லயும் தப்பா பேசுற ஆள் இருக்கு" என்றார். அதனால்தான் இடாப்புப் பிரதியைக் காட்டி உன்னை எடுத்தேன் என்று உனக்குச் சொன்னேன். அன்றையிலிருந்து இடாப்பில் பெயர் என்றால் எனக்கு வாக்கு மட்டும் இல்லை. பெயர் இருந்தால் பிள்ளை திரும்பி வரும், பெயர் இல்லாவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்று மனசில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

நீ கல்யாணம் முடித்து மஹய்யாவக்குக் குடிபோன வருடம், படிவம் வந்தபோது உன் அப்பா தெளிவாகச் சொன்னார்: "அவன் பேரை வெட்டிரு. அவன் அங்க குடியிருக்கான். நாளைக்கு அவனுக்குப் புள்ளகுட்டின்னா அங்கதான் பள்ளிக்கூடம்." தொழிற்சாலையில் உழைத்த மனுசனுக்கு இருந்த தூரப்பார்வை, படிவம் எழுதிப் பேர் வாங்கிய எனக்கு இல்லை. "வெட்டுறேன், வெட்டுறேன்" என்று சொல்லிக்கொண்டே உன் பெயரை எழுதினேன். கீழே ரேணுகாவின் பெயரையும் சேர்த்தேன். புதுசாக ஒரு பெயர் சேர்ப்பதில் இருக்கிற சந்தோஷம் அந்தப் படிவக் கட்டை வைத்திருந்தவளுக்குத்தான் தெரியும். கிராம சேவகர் பார்த்துவிட்டு, "மகன் இங்க இல்ல நே?" என்றார். "வாரா வாரம் வர்றான் மாத்தயா, அவன் கட்டில் இங்கதான் கெடக்கு, அலுமாரியில அவன் உடுப்பு கெடக்கு" என்றேன். வாரா வாரம் எங்கே வந்தாய்? மாதம் ஒரு தடவை வந்தால் பெரிய விஷயம். அடுத்த வருடமும் கேட்டார். அதற்கடுத்த வருடம் உன் அப்பா போய்விட்டார். அந்த வருடப் படிவத்தில் அவர் பெயரை நானே வெட்டினேன். பேனாவை வைத்துவிட்டு உன் பெயரைப் பார்த்தேன். ஒரே நாளில் இரண்டு பெயரை வெட்ட என்னால் முடியவில்லை. கிராம சேவகரும் அன்றைக்கு ஒன்றும் கேட்காமல் கையொப்பம் போட்டுவிட்டுப் போனார்.

வாக்காளர் அட்டை இங்கே வந்தபோதெல்லாம் நீ, "என்னம்மா, இன்னும் மாத்தலையா?" என்பாய். "கச்சேரியில மெதுவாத்தான் மாத்துவாங்க, இந்தத் தடவை வந்து போட்டுட்டுப் போ" என்பேன். நீ வருவாய். ரேணுகாவும் தாரணியும் வருவார்கள். திகன சந்தியில் பஸ் மாறி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நீ அந்த வளைவில் ஏறி வருவதை நான் வாசலில் நின்று பார்ப்பேன். ரேணுகா என் சேலையில் ஒன்றைக் கட்டிக்கொண்டு, நாம் நான்கு பேரும் கீழ்ப் பாடசாலைக்கு நடந்து போவோம். கையில் மையோடு திரும்பி வந்து கோழிக்கறியும் ரொட்டியும் சாப்பிடுவோம். தீபாவளிக்கு ரேணுகாவின் வீட்டுக்குப் போகவேண்டும், பொங்கலுக்கு உனக்கு வேலை. தேர்தலுக்கு மட்டும் நீ தப்பாமல் வந்தாய். நாட்டில் உள்ள சனமெல்லாம் அரசாங்கம் கவிழவேண்டும் என்று தேர்தலை எதிர்பார்த்தது. நான் கோழியைக் கொழுக்க வைத்துக்கொண்டு எதிர்பார்த்தேன்.

என்னைப் பார்த்து மற்ற வீடுகளிலும் அப்படித்தான். கொழும்பில், கண்டியில், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளின் பெயரெல்லாம் இங்கே லயத்தில் குடியிருக்கிறது. "ஆயா, அவன் பேரை விட்ராத" என்று தாய்மார் வந்து கையைப் பிடிப்பார்கள். "நான் விடுவேனா?" என்பேன். அவர்களுக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். போன வாரம் ஒவ்வொரு வீடாகப் போய், என் கதையைச் சொல்லி, பிள்ளை எங்கே இருக்கிறதோ அங்கே பெயரை விடுங்கள் என்றேன். சிலர் கேட்டார்கள். ஒருத்தி, "ஒன் பேத்திக்கு எடம் வேணும்னதும் ஒனக்கு நியாயம் வந்துருச்சு" என்றாள். அவள் சொன்னதில் பிழை இல்லை, திரும்பி வந்துவிட்டேன். நம் ஆட்களின் எண்ணிக்கை குறைந்து, நம்மவர் தோற்று, ஜீப் மறுபடியும் நிற்காமல் போனால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்துக்கு ஐந்து வயதுப் பிள்ளையை அடகு வைக்க முடியாது. நீ மஹய்யாவயில் வாக்குப் போடு, அங்கேயும் ஜீப்பை நிற்க வை. நீ எங்கே இருக்கிறாயோ அங்கே கணக்கில் வரவேண்டும், மகன். இதை நான் உனக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். தடுத்துக்கொண்டு நின்றேன்.

புதன்கிழமை கிராம சேவகரிடம் போனேன். எல்லாரும் போகும்வரை காத்திருந்து, "மாத்தயா, நான் என் மகன்கிட்ட பொய் சொன்னேன். பழியை உங்க தலையில போட்டேன்" என்றேன். "தெரியும் அக்கே" என்றார். "அன்னைக்கே ஏன் சொல்லல?" என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "மகன் முன்னால அம்மாவ எப்பிடிச் சொல்றது?" என்றார். தாரணியின் பாடசாலை மேன்முறையீட்டுக்கு, நீயும் ரேணுகாவும் மஹய்யாவயில்தான் ஏழு வருடமாகக் குடியிருக்கிறீர்கள் என்று ஒரு கடிதம் வேண்டும் என்றேன். அப்படி எழுதினால், தெரிந்துகொண்டே பிழையான படிவத்தில் கையொப்பமிட்டதாக அவர் மேல் கேள்வி வரும். ஓய்வுபெற இன்னும் சில மாதம்தான் இருக்கிறது. அவர் எழுதிவிட்டார். நான் அதை அனுப்பவிடவில்லை. வீட்டுக்காரி பிழையான தகவல் கொடுத்தாள், அவள் சொன்னதை நம்பிப் பதிந்தேன் என்று மாற்றி எழுத வைத்தேன். அது முழு உண்மை இல்லை என்று அவர் தலையை ஆட்டினார். இத்தனை வருடம் எனக்காகப் பொய்யில் கையொப்பமிட்டீர்கள், இதற்கும் போடுங்கள் என்றேன். சிரித்தார். அடியில் நானும் என் பெயரை எழுதிக் கையொப்பமிட்டேன். செவ்வாய்க்கிழமை மேன்முறையீட்டுக்கு நானே வந்து பாடசாலை அதிபர் முன்னால் சொல்கிறேன். தண்டனை கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன். இடம் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், நீ இங்கே வந்து அந்த மனுசனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். அன்றைக்குப் பத்துப் பேர் முன்னால் கத்தினாய், அதனால் பத்துப் பேர் இருக்கும்போதே கேள். நான் உன்னிடம் கேட்கிறேன், என்னை மன்னித்துக்கொள். ரேணுகாவிடமும் நானே கேட்பேன், நீ இடையில் நின்று சமாதானம் சொல்லாதே.

ஒன்றே ஒன்று உன்னிடம் கேட்டுக்கொள்வது: தாரணி வளர்ந்து உன் வீட்டை விட்டுப் போகும் நாளில், அவளை எங்கேயாவது எழுதி வைத்துக்கொண்டு, போகவில்லை என்று நீயே உன்னை ஏமாற்றிக்கொள்ளாதே. எனக்கு அது ஏழு வருடம் பிடித்தது. புதன்கிழமை, மேன்முறையீட்டுக் கடிதத்தை உறையில் போட்ட பிறகு கிராம சேவகர் இந்த வருடப் படிவத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். உன் பெயரை வெட்டினேன். ரேணுகாவின் பெயரை வெட்டினேன். பிறகு அவர் எல்லா வீட்டிலும் கேட்கிற வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "வீட்டில எத்தனை பேர் இருக்கிறது அக்கே?" இந்தக் கடிதத்தில் வாக்குரிமை, பொலிஸ், ஜீப் என்று எவ்வளவோ எழுதினேன். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் கேள்வி காதில் விழுந்தபோதுதான் எனக்கே விளங்கியது. இத்தனை வருடமும் நான் பயந்தது அரசாங்கத்துக்கு இல்லை, குமார், இந்தக் கேள்விக்குத்தான். அவர் அவசரப்படுத்தவில்லை, பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். "ஒரு ஆள்தான் மாத்தயா" என்றேன். எழுதிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். நீ எத்தனையோ தடவை கூப்பிட்டும், கோழிக்கு யார் தீனி போடுவது என்று சாக்குச் சொல்லி உன் வீட்டில் ஒரு நாள்கூடத் தங்காதவள் நான். இந்தத் தடவை இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாமா என்று ரேணுகாவிடம் கேட்டுச் சொல்.

உன் அம்மா